கம்பி திரும்பித்தான் வரும்

போன மாதம் பிரவீனா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்றபோது என் பாடத்தை வாங்கிக்கொண்ட பெண். கல்லூரியில் இப்போது மெய்நிகர் ஆய்வகம் வந்துவிட்டதாம். கணினித் திரையில் ஒரு பொத்தானை அமுக்கினால் தீப்பொறி பறக்கிறது, இரும்பு அறுபடுகிறது, கையில் ஒரு சொட்டு எண்ணெய் ஒட்டுவதில்லை. அசல் இயந்திரத்தை ஓரமாகத் தள்ளி மேலே துணி போர்த்திவிட்டார்கள். இதையெல்லாம் சொல்லிவிட்டு, "மேடம், நீங்க வயர் கட் ஹேண்டில் பண்ணியிருக்கீங்கல்ல, ஒரு டவுட்டு" என்று ஆரம்பித்தாள்.

"எந்த ஹேண்டில்?" என்று கேட்டேன்.

அவளுக்குப் புரியவில்லை. புரியாதது அவள் குற்றமில்லை. அந்த ஒரு சொல்லுக்குள் நான் பதினொரு வருடம் குடியிருந்தது அவளுக்கு எப்படித் தெரியும்? போனில் சொல்லி முடிகிற விஷயமும் இல்லை. எழுதி அனுப்புகிறேன் என்று வைத்துவிட்டேன். எழுத உட்கார்ந்ததும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

வாத்தியார் வேலையில் 'ஹேண்டில் பண்ணுவது' என்றால் பாடம் எடுப்பது. "நான் தெர்மோ ஹேண்டில் பண்றேன்" என்று ஒருவர் சொன்னால் அவர் கொதிகலனைக் கட்டித் தழுவினார் என்று அர்த்தமில்லை. கரும்பலகையில் கொதிகலன் படம் போட்டார், அவ்வளவுதான். பட்டறையில் இதே சொல்லுக்கு அர்த்தம் வேறு. அங்கே ஹேண்டில் பண்ணியவன் என்றால் கை வைத்து ஓட்டியவன். இரண்டு அர்த்தங்களுக்கும் நடுவில் இருந்த சந்தில் எனக்கு ஒரு வேலை கிடைத்தது.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரில் பள்ளிக்கூடம், மதுரையில் இயந்திரப் பொறியியல், அறுபது பேர் வகுப்பில் நாங்கள் மூன்று பெண்கள். மூன்றாம் வருடம் ஒரு தொழிற்சாலையைப் பார்க்க அழைத்துப் போனார்கள். கம்பியில் வரும் மின்பொறியால் இரும்பை அறுக்கும் வயர் கட் இயந்திரம் அங்கே இருந்தது. அன்றைக்கு அங்கே கரண்ட் இல்லை. இயந்திரத்தின் மேல் பூப்போட்ட பெட்ஷீட் ஒன்று போர்த்தியிருந்தது. அதைக் காட்டியவர், "இதுக்குள்ளதான்மா ஸ்பார்க் வரும்" என்றார். நாங்கள் பெட்ஷீட்டைப் பார்த்துக் குறிப்பு எடுத்துக்கொண்டோம். அந்த இயந்திரத்தைப் பற்றி எனக்கு நேரடியாகத் தெரிந்தது அந்த பெட்ஷீட் மட்டும்தான். இளநீல நிறம், மஞ்சள் பூ.

பிறகு ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் நடுவில் இருந்த ஒரு கல்லூரியில் நேர்முகத் தேர்வு. அந்தக் கல்லூரிக்கு இப்போது பெயரும் மாறிவிட்டது, முதலாளியும் மாறிவிட்டார். என்னைக் கேள்வி கேட்டவர் துறைத்தலைவர் வெங்கடபதி சார். வீட்டில் தெலுங்கு பேசுகிற ராஜபாளையத்துக்காரர். சட்டைப் பையில் பேனா இருக்க வேண்டிய இடத்தில் வெர்னியர் காலிபர் வைத்திருப்பார். மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கைக்கூட அளக்கும் கருவி அது. என் சான்றிதழ்களைப் புரட்டிக்கொண்டே, "மின்பொறி, வயர் கட் எல்லாம் ஹேண்டில் பண்ணியிருக்கீங்களா?" என்று கேட்டார். அதற்கு முன்னால் வேறொரு கல்லூரியில் அந்தப் பாடத்தை எடுத்திருந்தேன். "மூணு செமஸ்டர் ஹேண்டில் பண்ணியிருக்கேன் சார்" என்றேன்.

அவர் முகம் மலர்ந்த மலர்ச்சியைப் பார்த்ததும் எனக்கு லேசாக உறைத்தது. பாடம் எடுத்தவளைப் பார்த்து யாரும் அப்படி மலர மாட்டார்கள். "சரே" என்றார். மறுநாள் வேலை உத்தரவு வந்துவிட்டது. திருத்திச் சொல்ல அப்போதே ஓடியிருக்கலாம். நான் புதுச்சேலை எடுக்க ஓடினேன்.

இந்த 'சரே'யைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தெலுங்கில் 'சரி' என்று அர்த்தம். வெங்கடபதி சார் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை, எல்லாவற்றுக்கும் சரேதான். ஆனால் அதன் நீளத்தில் இருக்கிறது சங்கதி. சின்னதாக 'சரே' என்றால் சம்மதம். 'சரேஏ' என்றால் யோசிக்கிறார். கைக்குட்டையை எடுத்து காலிபரின் தாடைகளைத் துடைத்துக்கொண்டே 'சரேஏஏ' என்றால் எதிரில் இருப்பவர் அன்று விடுப்பு எடுத்துக்கொள்வது நல்லது. அந்த காலிபரால் அவர் அளக்காத பொருளில்லை. மாணவர்களின் ரெக்கார்டு நோட்டில் ஓரக்கோட்டை அளப்பார், கேன்டீன் தோசையின் தடிமனை அளப்பார். நான் ஒரு தடவை ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பால்கோவா வாங்கிப் போனபோது, போன வாரத்துப் பொட்டலத்தைவிட இரண்டு மில்லிமீட்டர் உயரம் குறைவு என்றார்.

எந்த விருந்தாளி வந்தாலும் என்னைக் காட்டி, "இவங்க வயர் கட்டைக் கையால ஹேண்டில் பண்ணினவங்க" என்பார். 'கையால' என்பது அவராகச் சேர்த்துக்கொண்டது. நான் அடக்கமாகச் சிரிப்பேன். அடக்கம் என்று அவர்கள் நினைத்துக்கொள்வார்கள்.

ஆனால் பாடம் நன்றாக நடத்துவேன், அதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. 'மேம்பட்ட உற்பத்தி முறைகள்' என்பது பாடத்தின் பெயர். கத்தி, உளி எதுவும் படாமல், மின்பொறி, ஒளி, ஒலி, தண்ணீர் இவற்றாலேயே உலோகத்தைச் செதுக்குவது. கல்லூரியில் இவற்றில் ஓர் இயந்திரம்கூட இல்லை. மீயொலிச் செதுக்கலுக்கு வெட் கிரைண்டரை உதாரணம் காட்டுவேன். துகள் பீச்சும் முறைக்கு உள்ளங்கையில் கோலப்பொடி வைத்து முன் பெஞ்சின் மேல் ஊதுவேன். மின்பொறிக்கு வீட்டிலிருந்து கேஸ் லைட்டர் கொண்டு போவேன். அதனால் எனக்கு லைட்டர் மேடம் என்று பெயர். வயர் கட்டுக்கு என் குறிப்பில் ஒரு வரி உண்டு, ஒவ்வொரு வருடமும் அதை இரண்டு தடவை சொல்லி அடிக்கோடு போடச் சொல்வேன்: "பித்தளைக் கம்பி ஒரே திசையில் ஓடும். ஒருமுறை பொறி பட்ட கம்பியை மறுபடி பயன்படுத்தக் கூடாது, எறிந்துவிட வேண்டும்." மயிரிழைக் கம்பி ஒன்று இரும்பைத் தொடாமல் பக்கத்தில் ஓட, நடுவில் இருக்கும் இடைவெளியில் பொறி பறந்து பறந்து இரும்பைத் துளித்துளியாக அரிக்கும். கம்பியும் சேர்ந்து தேயும். தேய்ந்த கம்பியால் வெட்டினால் அளவு தப்பும் என்று புத்தகம் சொன்னது. நானும் சொன்னேன்.

பதினோராவது வருடத்தில் கருப்பசாமியின் விடைத்தாள் வந்தது.

சோழபுரத்துப் பையன். வீட்டில் விவசாயம், அண்ணன்கள் இருவரும் பட்டாளத்தில். டிப்ளமா முடித்து இரண்டு வருடம் கோயம்புத்தூரில் ஏதோ பட்டறையில் வேலை பார்த்துவிட்டு, நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவன். வகுப்பில் வாயே திறக்க மாட்டான். எங்களுடையது தன்னாட்சிக் கல்லூரி என்பதால் எங்கள் பாடத்தை நாங்களேதான் திருத்துவோம். வயர் கட் பற்றிய பதினாறு மதிப்பெண் கேள்விக்கு அவன் உடைந்த ஆங்கிலத்தில் ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தான். கம்பி உருளையிலிருந்து போய்விட்டு அதே உருளைக்குத் திரும்பி வரும். ஒரே கம்பியை நாலைந்து நாள் ஓட்டலாம். அறுபடப் போகும் முன்னால் சத்தம் மாறும். வேலை முடிந்தால் கை நகத்துக்குள் ஏறிய கறுப்பு கழுவினாலும் போகாது. இவ்வளவும் எழுதி, கீழே ஒரு திரவத் தொட்டியை வேறு வரைந்து, சோப்புத்தண்ணீர் மாதிரி என்று குறித்திருந்தான்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்துவிட்டது. அடிக்கோடு போடச் சொன்ன வரிக்கே எதிராக எழுதுவதென்றால் என்ன அர்த்தம்? சிவப்பு மையால் குறுக்கே கோடு இழுத்து, 'தவறு. கம்பி திரும்பாது' என்று எழுதினேன். நகம் பற்றிய வரிக்குப் பக்கத்தில் ஒரு ஆச்சரியக்குறி போட்டேன். படத்துக்காக மூன்று மதிப்பெண் கொடுத்தேன். மொத்தம் நாற்பத்தொன்று. தேற ஐம்பது வேண்டும்.

ஓசூரில் ஒரு கம்பெனி அவனை எடுத்திருந்தது, ஆனால் எந்தப் பாடமும் பாக்கி இருக்கக் கூடாது என்ற நிபந்தனையோடு. பாக்கி இது ஒன்றுதான். மறுமதிப்பீட்டுக்கு விண்ணப்பித்துவிட்டு என் அறைக்கு வந்து நின்றான்.

"மேடம், கம்பி திரும்பி வரும் மேடம். நான் ரெண்டு வருசம் ஓட்டியிருக்கேன்."

"புத்தகத்துல அப்படி இல்லை."

"புத்தகத்துல இருக்கிறது வேற மிசினா இருக்கும் மேடம்."

அவனைப் போகச் சொல்லிவிட்டேன். உள்ளே ஏதோ குறுகுறுத்தது உண்மை. இரண்டு வருடம் ஓட்டியவன் ஒருத்தன் எதிரில் வந்து நிற்கிறான், நான் பார்த்ததோ பெட்ஷீட். அவன் சொல்வது சரி என்று ஒப்புக்கொண்டால், இத்தனை வருடம் நீங்கள் எதை ஹேண்டில் பண்ணினீர்கள் என்ற கேள்வி வரும். அவனுடைய மறுமதிப்பீட்டுப் படிவம் திருத்தியவள் என்று என்னிடம்தான் வந்திருந்தது, அதை மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். துறைத்தலைவரிடம் கொடுக்கக் கடைசி நாளுக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது.

அந்த வாரமே லாரியில் வயர் கட் இயந்திரம் வந்து இறங்கியது.

அங்கீகாரம் வழங்கும் பார்வைக் குழு வரப்போகிறது என்று நிர்வாகம் அவசர அவசரமாக வாங்கியது அது. அப்போது நான் மதுரையில் வேறு கல்லூரிகளின் விடைத்தாள் திருத்தும் முகாமில் இருந்தேன். இயந்திரத்தை நிறுவ வந்த பொறியாளர், யாருக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். வெங்கடபதி சார் மார்பை நிமிர்த்தி, "எங்க மேடம் ஏற்கெனவே ஹேண்டில் பண்ணினவங்க, பயிற்சியெல்லாம் வேண்டாம்" என்று சொல்லி, அவருக்குக் காபி வாங்கிக் கொடுத்து பஸ் ஏற்றிவிட்டார். நான் திரும்பி வந்தபோது இயந்திரம், ஒரு கையேடு, காதர் பாய், இவ்வளவுதான் இருந்தன.

காதர் பாய் எங்கள் ஆய்வக உதவியாளர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர், சொன்ன வேலையைச் சொன்னபடி செய்பவர். அந்தக் குணத்தால்தான் விபரீதம் வந்தது. கையேட்டின் ஆங்கிலம் எந்த நாட்டு ஆங்கிலம் என்று தெரியவில்லை. 'கம்பியை அன்போடு இறுக்கவும்' என்று ஓரிடத்தில் இருந்தது. அன்பையும் இறுக்கத்தையும் பற்றி எனக்குத் தெரிந்ததை வைத்து, உருளையை ஓடவிட்டு, திரவத்தைத் திறந்து, மின்சாரத்தைக் கொடுத்தேன்.

பொறி வந்தது. அதை எப்படிச் சொல்வது? பதினொரு வருடம் மஞ்சள் சாக்பீஸால் வரைந்திருக்கிறேன். அது மஞ்சளே இல்லை. வெளிறிய நீலம். இரும்புக்கும் கம்பிக்கும் நடுவே ஊசிமுனை அளவுக்கு நின்று எரிந்தது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. காதர் பாய் பொறியைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. உருளை சட்டென்று நின்று எதிர்ப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தது. போன கம்பி திரும்பி வந்தது. நான் அலறி அடித்துக்கொண்டு சிவப்புப் பொத்தானை அமுக்கினேன். எல்லாம் நின்றது. மறுபடி ஓட்டினேன், மறுபடி திரும்பியது, மறுபடி அமுக்கினேன். அன்று காலையில் மட்டும் ஒன்பது தடவை. அந்தக் கோபத்தோடு உட்கார்ந்து கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினேன்: தங்கள் இயந்திரம் ஒரு திசையில் நிலைத்து நிற்க மறுக்கிறது, உடனே மாற்றித் தரவும். பிறகு என் குறிப்பு நினைவுக்கு வந்தது. பொறி பட்ட கம்பி மறுபடி பொறிக்குள் வந்தால் அளவு தப்புமே. உருளையில் இருப்பது முழுக்கப் பயன்பட்ட கம்பி. "காதர் பாய், இந்தக் கம்பி அம்புட்டையும் கழட்டி எறிஞ்சிருங்க" என்றேன். எனக்கே தெரியாமல் அம்புட்டு என்று வந்துவிட்டது, அந்த அளவுக்குக் கோபம்.

இருநூறு மீட்டருக்கு மேல் இருக்கும். பாய் சாயங்காலம் வரை உட்கார்ந்து பொறுமையாகக் கழற்றினார். அதன்பின் புதுக்கம்பி எடுக்கப் பெட்டியைத் திறந்தேன். பெட்டியில் புதுக்கம்பி இல்லை. வந்ததே உருளையில் சுற்றியிருந்த அந்த ஒன்றுதான். குழு வர நான்கு நாள் இருந்தது.

மறுநாள் காலை வெங்கடபதி சார் வாசலில் நின்று, "ரெடியா மேடம்?" என்றார். "ரெடி சார்" என்றேன். "சரே" என்றார், சின்னதாக. இன்னொரு ஆசையும் சொன்னார். குழுத் தலைவருக்கு நினைவுப் பரிசாக, இரும்புத் தகட்டில் ஆண்டாள் கிளி ஒன்றை அவர் கண் முன்னாலேயே வெட்டிக் கொடுக்க வேண்டும். அவர் போனதும் காதர் பாயிடம் கம்பியை எங்கே எறிந்தீர்கள் என்று கேட்டேன். பாய் தலையைச் சொறிந்தார்.

எறியவில்லையாம். "எம்புட்டு நல்ல கம்பி மேடம், மனசு வரல" என்றார். நானும் அவரும் பஸ் பிடித்து ராஜபாளையத்தில் அவர் வீட்டுக்குப் போனோம். கொல்லையில் ஒரு புடலைப் பந்தல். வளையாமல் நேராக வளரட்டும் என்று ஒவ்வொரு காயின் நுனியிலும் ஒரு கல் கட்டியிருந்தது. கட்டியிருந்தது என் இயந்திரத்துக் கம்பியால், பித்தளையைவிடக் கெட்டியான மாலிப்டினம் கம்பி. ராத்திரியோடு ராத்திரியாக இருநூறு மீட்டரில் பெரும்பகுதியை முழம் முழமாக நறுக்கிச் சணலுக்குப் பதில் கட்டி, மிச்சத்தில் பந்தலையே இழுத்துக் கட்டியிருந்தார். "சணல் மாதிரி இல்ல மேடம், அறுகிறதே இல்ல" என்றார் பெருமையாக. அவர் மனைவி எனக்கு இரண்டு புடலங்காய் கொடுத்தனுப்பினார். அவ்வளவு நேரான புடலங்காயை நான் அதற்கு முன்னும் பின்னும் பார்த்ததில்லை.

பஸ்ஸில் புடலங்காயை மடியில் வைத்துக்கொண்டு யோசித்துப் பார்த்தேன். எனக்குத் தெரிந்து இந்த ஜில்லாவில் இதை ஓட்டியவன் ஒருத்தன்தான். அவன் விடைத்தாளில்தான் நான் கோடு போட்டிருக்கிறேன்.

வெட்கத்தை விட்டு அவன் வகுப்பறை வாசலில் போய் நின்றேன். வருகைப்பதிவு விஷயம் என்று நினைத்து பயந்துகொண்டே வந்தான். ஆய்வகத்துக்கு அழைத்துப் போனேன். மொட்டையாக நின்ற உருளையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். கம்பியை எறிந்துவிட்டேன் என்றேன். ஏன் என்று கேட்பான் என எதிர்பார்த்தேன். அவன் கேட்கவில்லை. கோயம்புத்தூரில் தன் பழைய முதலாளிக்கு போன் போட்டு, "அண்ணாச்சி, ஒரு சுருள் கம்பி பஸ்ல போட்டு விடுங்க" என்றான். மறுநாள் காலை ராஜபாளையம் பஸ் நிலையத்தில் நான்தான் போய் வாங்கினேன்.

அன்று அவன் கம்பி கோத்ததை இன்றைக்கும் வரிசையாகச் சொல்வேன். முதலில் சட்டைக் கையை மடக்கினான். உருளையைத் துணியால் துடைத்து, கம்பி நுனியை ஒரு திருகில் சுற்றி, உருளையை மெதுவாக ஓடவிட்டு, ஒரு சுற்றின் மேல் இன்னொரு சுற்று ஏறாமல் கம்பியை விரலால் வழிநடத்தினான். பிறகு நுனியைப் பின்பக்கச் சக்கரத்தின் மேலே ஏற்றி, இயந்திரத்தின் மேல் கையிலிருந்து நேராகக் கீழே இறக்கி, இரும்புத் தகட்டில் போட்டிருந்த துளைக்குள் நுழைத்து, கீழ்ச் சக்கரத்தைச் சுற்றி உருளைக்கே கொண்டு வந்து கட்டினான். சின்னக் கப்பி ஒன்றைக் கம்பி மேல் வைத்து இழுத்துப் பிடித்துக்கொண்டு உருளையை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இரண்டு முறை ஓட்டினான். தளர்ந்து வந்ததை அவிழ்த்து மறுபடி கட்டினான். கம்பியைச் சுண்டிப் பார்த்தான். "இந்தச் சத்தம் வந்தாப் போதும் மேடம்" என்றான். கையேடு சொன்ன அன்பு இதுதான் என்று எனக்குப் புரிந்தது. கம்பி செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்கத் தகட்டின் ஓரத்துக்கு நகர்த்தி, மேலும் கீழும் ஒரே நேரத்தில் பொறி வருகிற வரைக்கும் திருகிக்கொண்டே இருந்தான். என்னையும் கோக்க வைத்தான். நான்காவது தடவைதான் எனக்கு வந்தது. என் நகத்துக்குள் கறுப்பு ஏறியது.

உருளை ஓடியது. கோடிக்குப் போய் நின்றது. என் கை தன்னால் சிவப்புப் பொத்தானுக்குப் போயிற்று. அவன் குறுக்கே கை நீட்டினான்.

"மேடம், அது திரும்பித்தான் வரும். இது அந்த மாதிரி மிசின்."

திரும்பியது. பொறி ஒரு கணம் அணைந்து மறுபடி பற்றியது. கம்பி போகவும் வரவும் வெட்டிக்கொண்டே இருந்தது. செத்த நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "இதை நீ எனக்கு விளக்கமாச் சொல்லியிருக்கலாம்ல?" என்றேன். குரலில் பழைய அதிகாரம் இன்னும் மிச்சம் இருந்தது.

"பரிச்சையில எழுதினேனே மேடம்" என்றான்.

குத்திக் காட்டிச் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னான், அவ்வளவுதான். அதனால்தான் அப்படி வலித்தது. அன்று வீட்டுக்குப் போய் நகத்தைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். போகவில்லை. அதையும்தான் எழுதியிருந்தான். நான் ஆச்சரியக்குறி போட்டிருந்தேன்.

குழு வந்தது. மூன்று பேராசிரியர்கள், மூவருமே உற்பத்திப் பொறியியலில் கரைகண்டவர்கள் என்று அறிமுகம் செய்தார்கள். குழுத் தலைவருக்குத் தலைமுடி முழுக்க நரைத்திருந்தது, இந்தப் பாடத்தை இருபது வருடமாக ஹேண்டில் பண்ணுகிறவராம். அந்தச் சொல்லைக் கேட்டதும் எனக்கு அவர் மேல் ஒரு தனிப் பாசம் வந்தது. வெங்கடபதி சார் வழக்கம்போல என்னைக் காட்டி, "கையால ஹேண்டில் பண்ணினவங்க" என்றார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். கருப்பசாமி இயந்திரத்தை ஓடவிட்டான். கிளியின் வால் வெட்டுப்பட ஆரம்பித்தது. மூன்று பேராசிரியர்களும் குழந்தைகள் பொம்மைக் கடையில் நிற்பது போலக் குனிந்து நின்றார்கள். "நீலமா இருக்கே" என்றார் ஒருவர் மெதுவாக.

உருளை கோடிக்குப் போய் நின்று எதிர்ப்பக்கம் திரும்பியது.

"ஐயோ, ரிவர்ஸ் போகுது" என்று கத்திக்கொண்டே குழுத் தலைவர் பாய்ந்து சிவப்புப் பொத்தானை அமுக்கிவிட்டார்.

பொறி அணைந்து உருளை நின்றது. திரவம் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. கருப்பசாமி அவரிடமும் அதே குரலில், "சார், அது திரும்பித்தான் வரும்" என்றான். பிறகு, பித்தளைக் கம்பி சீக்கிரம் தேய்வதால் அந்த இயந்திரத்தில் எறிந்துவிடுவார்கள், மாலிப்டினம் லேசில் தேயாததால் இதில் திரும்பத் திரும்ப ஓடவிடுகிறார்கள், இந்தக் கம்பி இத்தனை நாள் தாங்கும் என்று நான்கே வாக்கியத்தில் தமிழில் சொன்னான். தலைவர் கேட்டுக்கொண்டே தன் குறிப்பேட்டில் எழுதியதை நான் பார்த்தேன். அடிக்கோடும் போட்டுக்கொண்டார்.

எழுதி முடித்துவிட்டு, "நல்லா சொல்றியேப்பா. இந்தப் பாடத்துல என்ன மார்க்கு?" என்று கேட்டார். வெங்கடபதி சாருக்குப் பெருமை தாங்கவில்லை. "சொல்லுப்பா" என்றார். கருப்பசாமி தரையைப் பார்த்தான். அவன் சொல்ல மாட்டான் என்று எனக்குத் தெரியும். நான் பேசாமல் இருந்தால் அந்தக் கேள்வி அப்படியே கரைந்துபோய், எல்லாரும் காபி சாப்பிடப் போய்விடுவார்கள் என்பதும் தெரியும். படிவம் இழுப்பறையிலேயே இருந்திருக்கும். என் மானமும் அங்கேயே பத்திரமாக இருந்திருக்கும்.

"நாற்பத்தொன்று சார். ஃபெயில்" என்றேன். "போட்டது நான். கம்பி திரும்பி வரும்னு எழுதினான், தப்புன்னு அடிச்சேன். நான் இந்த மிஷினை ஹேண்டில் பண்ணினதே இல்ல சார். பேப்பரைத்தான் ஹேண்டில் பண்ணியிருக்கேன்."

வெங்கடபதி சார் கைக்குட்டையை எடுத்தார். காலிபரின் தாடைகளைத் துடைக்க ஆரம்பித்தார். குழுத் தலைவரோ தன் விரலைப் பார்த்தார், சிவப்புப் பொத்தானைப் பார்த்தார். "நானும் அப்படித்தாம்மா" என்றார். மற்ற இருவரும் பலமாக இருமினார்கள். கிளி வாலோடு நின்றுவிட்டது, பொத்தானை அமுக்கியதில் வெட்டும் இடம் தப்பிவிட்டது. தலைவர் அந்த வாலையே நினைவுப் பரிசாகக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அங்கீகாரம் பின்னால் வந்துவிட்டது.

அன்று மாலையே மறுமதிப்பீட்டுப் படிவத்தை எடுத்துக்கொண்டு துறைத்தலைவர் அறைக்குப் போனேன். விடைத்தாளை முழுக்க மறுபடி படித்திருந்தேன். வயர் கட்டுக்கு மூன்றை அடித்துப் பதின்மூன்று போட்டேன், மொத்தம் ஐம்பத்தொன்று. அதற்கு மேல் தேடியும் கிடைக்கவில்லை. லேசர் கேள்விக்கு ஒன்றுமே எழுதாமல் விட்டிருந்தான், அதற்கு நான் என்ன செய்வது. படிவத்தின் கடைசியில் 'மதிப்பெண் மாறியதற்குக் காரணம்' என்று ஒரு கட்டம். எல்லாரும் அதில் 'கூட்டல் பிழை' என்று எழுதுவதுதான் எங்கள் வழக்கம். வெங்கடபதி சார் பேனாவை நீட்டி, "கூட்டல் பிழைன்னு போட்டிருங்க மேடம், வம்பு வேண்டாம்" என்றார்.

ஆங்கிலத்தில் ஹேண்டில் பண்ணியது போதும் என்று தமிழிலேயே எழுதினேன். 'திருத்தியவர் இந்த இயந்திரத்தை அதுவரை பார்த்ததில்லை. இப்போது பார்த்தாயிற்று.'

வாங்கிப் படித்தார். "சரேஏ" என்றார். பாதி நீளம்தான், யோசிக்கிற சரே. காலிபரை எடுத்து, நான் எழுதியதற்குப் பக்கத்தில் மிச்சமிருந்த வெள்ளை இடத்தை அளந்தார். பிறகு பேனாவைத் திறந்து, 'திருத்தியவர்' என்பதை 'திருத்தியவரும்' என்று ஆக்கி, பக்கத்தில் பொடி எழுத்தில் 'துறைத்தலைவரும்' என்று சேர்த்து, கீழே கையெழுத்துப் போட்டார்.